கருந்துளையை நம்பலாம், ராக்கெட்டை நம்பாதீர்கள்

'இன்டர்ஸ்டெல்லார்' படம் வந்தது 2014 நவம்பரில். இன்றைக்கும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள். கல்யாணப் பந்தி, பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடை வரிசை என்று எங்கே பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், அந்தக் கிரகத்துல ஒரு மணி நேரம் இருந்தா இங்க ஏழு வருஷம் ஓடிருமாமே, நெசமாவா?" என் தம்பிக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. "அக்கா, காதுல நல்லாப் பூ சுத்துறான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

பூ சுற்றுகிறார்கள் என்பது சரி. எந்த இடத்தில் என்பதில்தான் எனக்கும் தம்பிக்கும் வழக்கு. ஏழு வருஷக் கணக்கில் பூ இல்லை. அந்தக் கிரகத்தில் இறங்கிய சின்னஞ்சிறு ஓடம், வேலை முடிந்ததும் ஜிவ்வென்று எழும்பி வானத்துக்குத் திரும்பிப் போகிறதே, அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. முழம் முழமாகப் பூ இருப்பது அங்கேதான்.

விண்வெளிப் படங்களில் நாம் நம்ப மறுப்பதெல்லாம் பெரும்பாலும் உண்மையாகவும், யோசிக்காமல் நம்பிவிடுவதெல்லாம் பெரும்பாலும் பொய்யாகவும் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டதில் எனக்குக் கிடைத்த முடிவு இது.

ஏழு வருஷக் கணக்கு

ஈர்ப்பு அதிகமுள்ள இடத்தில் காலம் மெதுவாக ஓடும். ஐன்ஸ்டைன் 1915-ல் முடித்த பொதுச் சார்பியல் கோட்பாட்டின் விளைவு இது. கடிகாரம் மட்டுமல்ல, நாடித்துடிப்பு, நகம் வளர்வது, பால் திரிவது எல்லாமே ஒரே விகிதத்தில் மெதுவாகும். அதனால் அங்கே இருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வெளியே இருப்பவரைத் திரும்பச் சந்திக்கும்போதுதான் கணக்கு இடிக்கும்.

இதைச் சோதிக்கக் கருந்துளை வரை போக வேண்டியதில்லை. அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனத்தில் 2010-ல் இரண்டு அணுக் கடிகாரங்களை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றை மற்றதைவிட 33 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். உயரத்தில் இருந்தது சற்றே வேகமாக ஓடியது. பூமியின் மையத்திலிருந்து அந்த ஒரு முழத்துக்கும் குறைவான தூரம் விலகியதற்கே காலத்தில் வித்தியாசம் தெரிந்தது. 2022-ல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கான வித்தியாசத்தையே அளந்துவிட்டார்கள்.

உங்கள் போன் வழி காட்டுவதும் இந்தக் கணக்கை நம்பித்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அவற்றின் கடிகாரம் ஒரு நாளைக்கு 45 மைக்ரோ செகண்ட் முந்தும். வேகமாகச் செல்வதால் 7 மைக்ரோ செகண்ட் பிந்தும். மிச்சம் 38. ஒரு மைக்ரோ செகண்ட் என்பது ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒளி அதற்குள் 300 மீட்டர் போய்விடும். 38 மைக்ரோ செகண்டைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேல் பிசகும். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்பவரை சுசீந்திரம் தாண்டி நிற்பதாகப் போன் காட்டும்.

ஆக, காலம் மெதுவாகும் என்பதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு மெதுவாகும் என்பதில்தான் விவகாரம். ஒரு மணிக்கு ஏழு வருஷம் என்றால் சுமார் 61,000 மடங்கு. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் அந்த எண்ணை மாற்ற மாட்டேன் என்று நின்றார். கதையில் விண்வெளி வீரர்கள் சில மணி நேரம் அந்தக் கிரகத்தில் மாட்டிக்கொண்டு திரும்பும்போது வெளியே 23 வருஷம் ஓடியிருக்க வேண்டும். அப்பாவின் வயதை மகள் எட்டிப் பிடிக்க வேண்டும். கதையின் உயிரே அதில்தான் இருந்தது.

படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தார்ன். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வாழ்நாள் முழுக்கக் கருந்துளை ஆராய்ந்தவர். பின்னால் 2017-ல் ஈர்ப்பலை ஆராய்ச்சிக்காக நோபல் பெற்றவர். நோலன் கேட்ட எண்ணைக் கேட்டதும் அவருக்கே முதலில் முடியாது என்றுதான் தோன்றியிருக்கிறது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார். முடியும் என்று விடை வந்தது.

கணக்கு இப்படிப் போகிறது. கருந்துளை சுழலாமல் இருந்தால், ஒரு கோள் தடுமாறாமல் சுற்றக்கூடிய மிக நெருக்கமான பாதையில்கூட ஒரு மணி நேரத்துக்கு வெளியே ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்தான் ஓடும். அதை வைத்துச் சினிமா எடுக்க முடியாது. ஆனால் சுழலும் கருந்துளை, தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுழலும். அந்த இழுப்பின் திசையிலேயே சுற்றும் கோள் உள்ளே விழாமல் இன்னும் நெருங்கி வரலாம். நெருங்க நெருங்கக் காலம் இன்னும் மெதுவாகும். கருந்துளையின் சுழற்சிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்புக்கு நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டும் குறைவாகச் சுழன்றால் 61,000 மடங்கு கிடைக்கும்.

அவ்வளவு வேகமாக இயற்கையில் ஒரு கருந்துளை சுழலுமா? வாயுவை விழுங்கி வளரும் கருந்துளை வரம்பில் 99.8 சதவீதத்தை எட்டியதும் அதற்கு மேல் வேகம் பிடிக்காது என்று 1974-லேயே கணக்கிட்டவர் வேறு யாருமல்ல, இதே தார்ன்தான். அந்த அளவில் சுழன்றால் ஒரு மணிக்குச் சுமார் பதினோரு மணி நேரம் கிடைக்கும். படத்தின் கருந்துளை அதையும் தாண்டியது. இயற்கையின் சட்டம் அதைத் தடுக்கவில்லை, ஆனால் இயற்கை அப்படி ஒன்றைச் செய்வது மிக அபூர்வம். அந்த இடைவெளிக்குள்தான் நோலன் தம் கதையை வைத்தார்.

நம்ப மறுத்த பெரியவர்கள்

தம்பியை நான் குறை சொல்வதில்லை. கருந்துளையை நம்ப மறுத்தவர்கள் பட்டியலில் அவனைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் உலகப் போரில் ரஷ்ய முனையில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்த கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட் என்ற வானியலாளர், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் வெளிவந்த சில வாரங்களிலேயே அவற்றுக்குத் துல்லியமான தீர்வு கண்டு ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். நிறை முழுவதையும் போதுமான அளவு சின்ன இடத்தில் நெரித்தால் அதிலிருந்து ஒளிகூட வெளியேறாது என்ற முடிவு அந்தத் தீர்விலேயே இருந்தது. சூரியனை 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள்ளும், பூமியை 9 மில்லிமீட்டர் ஆரத்துக்குள்ளும் நெரிக்க வேண்டும். கணிதத்தில் இருக்கிறது, நிஜத்தில் அப்படி ஒன்று எப்படி வரும் என்று எல்லோரும் ஒதுக்கி வைத்தார்கள். ஐன்ஸ்டைனும்தான்.

நிஜத்தில் வரும் வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையிலேயே சுருங்கும். ஒரு கட்டத்தில் எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தாங்கிக்கொள்ளும். அது வெண்குள்ளனாக நின்றுவிடும். அன்றைக்கு எல்லோரும் சொன்னது அதுதான். சந்திரசேகர் அந்தக் கணக்கில் சார்பியலையும் சேர்த்தார். நிறை சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் போனால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது, சுருக்கம் தொடரும் என்று வந்தது.

1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதைப் பேசி முடித்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்தார். 1919-ல் சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனை உலகப் புகழாக்கியவர் அவர். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். சந்திரசேகரின் கணக்கில் பிழை என்று அவர் எதையும் காட்டவில்லை. முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சந்திரசேகர் 1937-ல் அமெரிக்காவில் சிகாகோவுக்குப் போய் வேறு துறைகளில் வேலை பார்த்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது. அதே ஆண்டில் கருந்துளைகளின் கணிதம் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகமும் வந்தது.

பொதுச் சார்பியலைக் கரைத்துக் குடித்த எடிங்டனுக்கே ஒரு விடை விசித்திரமாக இருக்கிறது என்பது அதைத் தள்ளிவிடப் போதுமான காரணமாகத் தோன்றியது. வகுப்பில் நான் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வேன்.

பேனா மை போட்ட படம்

1979-ல் இரண்டு கருந்துளைகள் வந்தன. ஒன்று, டிஸ்னி எடுத்த 'தி பிளாக் ஹோல்' படத்தில் வந்தது. புனல் வடிவத்தில் சுழன்று உள்ளே இழுக்கும் ஒரு சுழி. இன்னொன்று, பிரான்ஸில் ஷான்-பியர் லுமினே என்ற இளம் விஞ்ஞானி ஆய்விதழில் வெளியிட்டது. கருந்துளையைச் சுற்றிச் சூடான வாயு ஒரு தட்டாகச் சுழன்றால் தொலைவிலிருந்து அது எப்படித் தெரியும் என்று அவர் கணக்கிட்டார். துளை அட்டைகளில் ஓடிய அந்தக் காலத்துக் கணினி அவருக்கு எண்களை மட்டும்தான் தந்தது. அவற்றைப் பார்த்துக் கறுப்பு மையால் புள்ளி புள்ளியாகக் கையாலேயே படம் வரைந்தார்.

அந்தப் படத்தில் தட்டின் பின்பக்கம் மறையவில்லை. பின்னாலிருந்து கிளம்பும் ஒளி கருந்துளையின் ஈர்ப்பில் வளைந்து, மேலாக ஏறி நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அதனால் பின்பக்கம் கருந்துளையின் தலைக்கு மேல் ஒரு வளைவாகத் தெரிகிறது. அடிப்பக்கத்திலிருந்து வரும் ஒளி கீழே இன்னொரு வளைவாகிறது. 'இன்டர்ஸ்டெல்லார்' சுவரொட்டியில் பார்த்த அந்த ஒளிவளையம் இதேதான்.

நோலன் படத்துக்கு லண்டனின் டபுள் நெகட்டிவ் நிறுவனத்தினர் வேலை பார்த்தார்கள். தார்ன் சமன்பாடுகளை எழுதிக் கொடுக்க, அவர்கள் ஒவ்வொரு ஒளிக்கற்றையும் எப்படி வளையும் என்று கணினியில் ஓட்டினார்கள். சில பிரேம்கள் மட்டும் நூறு மணி நேரம் வரை எடுத்தன. அந்த வேலையிலிருந்து 2015-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்தது. சினிமாவுக்கான கிராபிக்ஸ் இயற்பியல் ஆய்விதழில் இடம்பிடிப்பது தினம் நடக்கும் காரியமல்ல.

ஆனால் திரையில் ஒரு திருத்தம் செய்தார்கள். தட்டு ஒளி வேகத்தை நெருங்கிச் சுழல்வதால், நம்மை நோக்கி வரும் பக்கம் பளீரென்று நீலம் கலந்தும், விலகிப் போகும் பக்கம் மங்கிச் சிவந்தும் தெரிய வேண்டும். லுமினேயின் படத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இருந்தது. பார்வையாளர் குழம்புவார்கள் என்று நோலன் அதை எடுத்துவிட்டார். சுழற்சியையும் படத்துக்காகக் குறைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஒளிரும் அழகான வளையமாக்கினார்.

2019 ஏப்ரல் 10 அன்று நிஜப் படம் வந்தது. உலகெங்கும் எட்டு வானொலித் தொலைநோக்கிகளை இணைத்து, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளையைப் படமெடுத்தார்கள். தொலைவு ஐந்தரைக் கோடி ஒளியாண்டு. நிறை 650 கோடி சூரியன். அந்த மங்கலான ஆரஞ்சு வளையத்தின் கீழ்ப்பக்கம் பளிச்சென்றும் மேல்பக்கம் மங்கியும் இருந்தது. மக்கள் குழம்புவார்கள் என்று சினிமாவிலிருந்து எடுத்த சமாச்சாரம்தான் நிஜப் படத்தில் முதலில் கண்ணில் பட்டது.

உறிஞ்சும் பூதம் அல்ல

டிஸ்னியின் சுழி ஒரு தப்பெண்ணத்தை ஊரெல்லாம் பரப்பிவிட்டது. கருந்துளை அக்கம்பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். உண்மை என்னவென்றால், சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால் பூமி எப்போதும்போல் அதே பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டும் குளிரும் நம்மைக் கொல்லும், ஈர்ப்பு அல்ல. நம் பால்வீதியின் நடுவே 40 லட்சம் சூரிய நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. அதைச் சுற்றும் விண்மீன்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததற்காகத்தான் 2020-ல் ரைன்ஹார்ட் கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸுக்கும் நோபல் கிடைத்தது. அந்த விண்மீன்கள் விழவில்லை, ஒழுங்காகச் சுற்றுகின்றன.

நெருங்கினால் உடல் நூலாக இழுபடும் என்பது மட்டும் சரி. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. பெரிய கருந்துளை ஆபத்து குறைந்தது. பத்து சூரிய நிறையுள்ள கருந்துளையின் எல்லை 30 கிலோமீட்டர் ஆரத்தில் இருக்கும். அங்கே காலை இழுக்கும் விசைக்கும் தலையை இழுக்கும் விசைக்கும் உள்ள வித்தியாசம், ஒவ்வொரு மீட்டருக்கும் பூமியின் ஈர்ப்பைப் போலச் சுமார் ஒரு கோடி மடங்கு. எல்லையை எட்டுவதற்கு முன்பே ஆள் காலி. படத்தில் வரும் கார்கான்டுவா என்ற கருந்துளையின் நிறை பத்துக் கோடி சூரியன். அந்த அளவுள்ள கருந்துளையின் எல்லையில் அதே வித்தியாசம் பூமி ஈர்ப்பில் ஒரு கோடியில் ஒரு பங்குதான். நாயகன் கூப்பர் எல்லையைக் கடக்கும்போது கிழிந்து போகாமல் இருந்தது கதாநாயகன் என்பதால் அல்ல.

அங்கே அவரைக் கொன்றிருக்க வேண்டியது தட்டின் வெப்பமும் எக்ஸ் கதிரும். கருந்துளை வாயுவை விழுங்கும்போது தட்டு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறலாம். அதற்கும் தார்ன் வழி செய்தார். இது வெகுகாலமாகத் தீனி கிடைக்காத தட்டு, சூரியப் பரப்பின் அளவுக்குத்தான் சூடு என்று வைத்துக்கொண்டார்.

கட்டுச்சோற்றுக் கணக்கு

இனி ராக்கெட்டுக்கு வருவோம். எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி மலை தெரியும். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோ தன் திரவ எரிபொருள் இஞ்சின்களையும் கிரையோஜெனிக் இஞ்சின்களையும் சோதிக்கிறது. என்னிடம் படித்த ஒருவன் அங்கே வேலை பார்க்கிறான். விண்வெளிப் படங்களைப் பற்றி அவன் சொல்வது இது: "டீச்சர், நெசமான ராக்கெட்டுல முக்காலே மூணு வீசம் எண்ணெயும் டேங்கும்தான். சினிமால டேங்கையே காட்ட மாட்டாங்க."

அவன் சொல்வதை எண்ணில் பாருங்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியது. ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். அது தூக்கிச் சென்ற கலத்தின் எடை 3.9 டன். மிச்சமெல்லாம் வழியில் எரிந்து போனது அல்லது கழன்று விழுந்தது. மேலடுக்கில் மட்டும் மைனஸ் 253 டிகிரியில் வைத்த திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரியில் வைத்த திரவ ஆக்சிஜனுமாக 28 டன்.

ஏன் இவ்வளவு? பாதயாத்திரை போகிறவர் வழியில் எங்கும் சாப்பாடு கிடைக்காது என்றால் கட்டுச்சோறு சுமந்து போக வேண்டும். தூரம் கூடினால் சோறு கூடும். சோறு கூடினால் சுமை கூடும். அந்தச் சுமையைச் சுமக்கத் தெம்பு வேண்டும், அதற்கு இன்னும் சோறு. ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எரிபொருள் பெருக்கல் கணக்கில் ஏறும்.

இப்போது படத்துக்கு வாருங்கள். பூமியிலிருந்து கிளம்பும்போது அவர்களுக்குப் பல அடுக்கு ராக்கெட் தேவைப்படுகிறது. புகையும் நெருப்புமாக நன்றாகத்தான் காட்டுகிறார்கள். அலை அடிக்கும் அந்த நீர்க் கிரகத்தின் ஈர்ப்பு பூமியைவிட முப்பது சதவீதம் அதிகம் என்று படத்திலேயே சொல்கிறார்கள். அங்கிருந்து அதே ஓடம், அடுக்கும் இல்லாமல் டேங்கும் இல்லாமல் தனியாக எழும்பிப் போகிறது. பூமியில் தேவைப்பட்ட அடுக்குகள் அதைவிடக் கனமான கிரகத்தில் ஏன் தேவைப்படவில்லை? ஏழு வருஷத்தைக் கேட்டவர்கள் இதைக் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. விமானம் ஏறி இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பழகிய காட்சியின் சாயலில் ஒன்றைக் காட்டினால் மனம் கணக்குக் கேட்பதில்லை. காலம் மெதுவாவதை யாரும் பார்த்ததில்லை, அதனால் மல்லுக்கு நிற்கிறது.

இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. தாய்க்கப்பல் கருந்துளைக்குத் தள்ளி நிற்கிறது. கிரகமோ நெருங்கிய பாதையில் ஒளி வேகத்தில் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஓடம் தன் வேகத்தை ஒளி வேகத்தில் கால்வாசி அளவுக்கு மாற்ற வேண்டும் என்று தார்னே எழுதியிருக்கிறார். நொடிக்கு 75,000 கிலோமீட்டர். ஒரே ஒரு கிலோ எடையை அந்த வேகத்துக்குத் தள்ள, சுமார் ஏழு லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல் வேண்டும். ஹிரோஷிமாவில் போட்ட குண்டு போல நாற்பதுக்கு மேல். ஓடமோ பல டன். இஞ்சினால் நடக்காது என்று தார்னுக்குத் தெரியும். பக்கத்தில் இன்னொரு சிறிய கருந்துளை இருந்தால் அதன் ஈர்ப்பில் வளைந்து வேகத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். ஒரே படத்தில் இத்தனை கருந்துளை வேண்டாம் என்று நோலன் அதை நியூட்ரான் விண்மீனாக்கி ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

தூரக் கணக்கு இதைவிட மோசம். நமக்குத் தெரிந்தவற்றில் மிக அருகிலுள்ள கருந்துளை கையா பிஎச்1. 2022-ல் அறிவித்தார்கள். அதன் தொலைவு சுமார் 1,560 ஒளியாண்டு. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியக் குடும்பத்தை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அதே வேகத்தில் அந்தக் கருந்துளைக்குப் போக இரண்டே முக்கால் கோடி ஆண்டு ஆகும். சனிக் கோளுக்கே காசினி விண்கலம் 1997-ல் கிளம்பி 2004-ல்தான் போய்ச் சேர்ந்தது. படத்தில் இரண்டே வருஷத்தில் சனிக்கு ஆட்களோடு போய்விடுகிறார்கள்.

குறுக்குவழி கேட்ட எழுத்தாளர்

கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தூரம்தான் தலைவலி. ஒரு கட்டத்தில் நோலன், கதாபாத்திரம் ஒன்று ஒளியைவிட வேகமாகப் போக வேண்டும் என்றாராம். இரண்டு வாரம் பேசித்தான் அவர் மனதை மாற்ற முடிந்தது என்று தார்ன் சொல்லியிருக்கிறார். படத்தில் தூரத்தைக் கடக்க உதவுவது சனிக்குப் பக்கத்தில் இருக்கும் புழுத்துளை. அதாவது, காலவெளியின் இரண்டு தொலைதூர இடங்களை இணைக்கும் குறுக்குப் பாதை.

இந்தப் பாதை ஆராய்ச்சிக்கு வந்ததற்கே ஒரு நாவல் காரணம். 1985-ல் கார்ல் சாகன் 'கான்டாக்ட்' எழுதிக்கொண்டிருந்தார். நாயகி எல்லி பூமிக்குப் பக்கத்தில் ஒரு கருந்துளைக்குள் விழுந்து, சுமார் 25 ஒளியாண்டு தள்ளியிருக்கும் வேகா விண்மீன் அருகே வெளியே வர வேண்டும். இது சரியா என்று நண்பர் தார்னிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். கருந்துளைக்குள் போனவர் வெளியே வர மாட்டார், வேண்டுமானால் புழுத்துளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் தார்ன்.

ஆனால் அதிலும் சிக்கல் இருந்தது. சாதாரணப் புழுத்துளை திறந்த கணத்திலேயே மூடிக்கொள்ளும், ஒளிகூடக் கடக்க முடியாது என்று 1962-லேயே ஜான் வீலரும் ராபர்ட் புல்லரும் காட்டியிருந்தார்கள். அதைத் திறந்து வைத்திருக்க என்ன வேண்டும் என்று தார்ன் திருப்பிப் போட்டுக் கணக்கிட்டார். எதிர்மறை ஆற்றல் கொண்ட ஒருவகைப் பொருளால் சுவரை முட்டுக் கொடுக்க வேண்டும் என்று வந்தது. தம் மாணவர் மைக்கேல் மாரிஸோடு சேர்ந்து 1988-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நாவலாசிரியர் கேட்ட ஒரு சந்தேகத்திலிருந்து ஒரு தலைமுறை ஆராய்ச்சி கிளம்பியது.

எதிர்மறை ஆற்றல் முழுக்கக் கற்பனை அல்ல. மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அதன் சாயல் உண்டு என்று 1948-ல் ஹென்ட்ரிக் காசிமிர் கணித்தார், பிறகு சோதனையில் அந்த விளைவு அளக்கப்பட்டது. ஆனால் அது துளியிலும் துளி. கப்பல் போகும் அளவுக்கு வேண்டியதை எங்கே சேர்ப்பது என்பதற்கு வழி இல்லை. படத்தில் அதை வேறு யாரோ செய்து வைத்திருப்பதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் அசத்தலாகச் சரி: புழுத்துளையின் வாயை வட்ட ஓட்டையாகக் காட்டாமல் உருண்டையாகக் காட்டுகிறார்கள். முப்பரிமாண வெளியில் எந்தப் பக்கமிருந்தும் உள்ளே போகலாம் என்றால் வாய் உருண்டையாகத்தான் இருக்க முடியும்.

கணக்கு நிற்கும் இடம்

கூப்பர் கருந்துளைக்குள் விழுந்த பிறகு வரும் புத்தக அலமாரிக் காட்சியை நான் இந்த வழக்கில் சேர்க்கவில்லை. அது உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல. கருந்துளையின் நடுவில் பொதுச் சார்பியல் முடிவிலியை விடையாகத் தருகிறது. அப்படி வந்தால் அந்தச் சமன்பாடு அங்கே செல்லாது என்று பொருள். அதற்கான குவான்டம் ஈர்ப்புக் கோட்பாடு இன்னும் கையில் இல்லை. அறிவியல் வாய் மூடும் இடத்தில் கதாசிரியர் பேசினால் அது அவர் உரிமை.

கடைசியாக, பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் ஒரு கணக்கு. புழுத்துளை வேண்டாம், ஒளியை முந்தவும் வேண்டாம். பூமியில் நம் கால் உணரும் அதே ஈர்ப்பின் அளவுக்கு ஒரு கப்பல் இடைவிடாமல் வேகம் கூட்டிக்கொண்டே போகட்டும். பாதி வழியில் திரும்பி அதே அளவு வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகட்டும். 26,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் பால்வீதி நடுவின் கருந்துளைக்கு அருகே போய் நிற்க எவ்வளவு காலம்? பூமியில் 26,000 ஆண்டு ஓடியிருக்கும். கப்பலில் இருப்பவருக்கு வெறும் இருபது ஆண்டு. இளம் வயதில் கிளம்பினால் நடுத்தர வயதில் போய்ச் சேரலாம். கேட்டதும் வகுப்பில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் எண்களைப் போட்டால் யாருக்கும் இதே விடைதான் வரும்.

பிறகு எரிபொருளைக் கேட்பேன். இயற்கை அனுமதிக்கும் மிகச் சிறந்த இஞ்சினையே வைத்துக்கொள்ளுங்கள்: பொருளும் எதிர்ப்பொருளும் மோதி முழுக்க ஒளியாகி, அந்த ஒளி ஒரு துளிகூட வீணாகாமல் பின்பக்கம் பாய்கிறது. அப்படியும், போய்ச் சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் கிளம்பும்போது ஏழு லட்சம் டன் எரிபொருள் வேண்டும். ஒரு ஆள் உட்கார, மூச்சு விட, இருபது வருஷம் சாப்பிட எத்தனை கிலோ என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். காலம் நமக்கு வழிவிடத் தயாராகத்தான் இருக்கிறது, எண்ணெய்க்குத்தான் வழியில்லை.